பச்சைச் சாராயமும் ஒரு சத்தியமும்

எங்கள் வீட்டில் குடித்தவள் நான்தான். நவராத்திரிக்கு வந்து சுண்டல் வாங்கிக்கொள்ளும் பெண்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஓரக்கண்ணால் என் கணவரைப் பார்ப்பார்கள். புருஷன் செய்வதை மறைக்கப் பெண்டாட்டி தன் தலையில் பழியைப் போட்டுக்கொள்கிறாள் என்று நினைப்பார்களோ என்னவோ. அவர் பாட்டுக்கு மோர்த் தம்ளரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். மாண்ட்ரியலில் இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு சொட்டு தொட்டதில்லை. நான் தொட்டேன். அதுவும் சாதாரணச் சரக்கு இல்லை. நூறு மூலிகை ஊறிய, தொண்டையில் இறங்கினால் காது வழியாகப் புகை வருகிற, பச்சைப் பசேல் என்ற சாராயம்.

அவரைக் கட்டிப் போட்டது ஒரு சத்தியம். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். நாங்கள் கும்பகோணத்திலிருந்து புறப்பட்ட அன்று, சாமி விளக்குக்கு முன்னால் இவரை நிறுத்தி, தன் உள்ளங்கையை நீட்டினார்.

"அடிச்சுச் சொல்லு. கறி தொட மாட்டேன், குடி தொட மாட்டேன்."

இவர் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார். வெளிநாடு போகிற பிள்ளைகளிடம் அந்தக் காலத்தில் மூன்றாவதாகவும் ஒன்று வாங்குவார்கள், வெள்ளைக்காரியைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று. நான் ஏற்கெனவே தாலியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் அது தேவைப்படவில்லை. என் பக்கம் திரும்பி அத்தை, "பாத்துக்கோம்மா" என்றார். அவ்வளவுதான். என்னிடம் சத்தியம் ஒன்றும் கேட்கவில்லை. பெண்பிள்ளை குடிப்பாள் என்று கனவில்கூட யாருக்கும் தோன்றாத தெரு அது. ஊரில் மதுவிலக்கு வேறு.

அறுபத்தேழில் மாண்ட்ரியலில் நடந்த உலகக் கண்காட்சி முடிந்த அடுத்த வசந்தத்தில் நாங்கள் வீடு தேடி அலைந்தோம். அதுவரை நோத்ர-டாம்-த-கிரேஸ் என்கிற பேட்டையில் ஓர் அடுக்குமாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். அந்தக் கட்டடத்தில் குழந்தைகள் கூடாது என்று சட்டம். எனக்கோ வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. மாண்ட்ரியலில் அப்போதெல்லாம் வாடகை ஒப்பந்தம் ஏப்ரலோடு முடியும். மே முதல் தேதி பாதி ஊர் மெத்தையும் அலமாரியுமாகத் தெருவில் நிற்கும். அதற்குள் எங்களுக்கு வேறு இடம் கிடைத்தாக வேண்டும். தொலைபேசியில் இவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு "வாருங்கள், வாருங்கள்" என்பார்கள். கதவைத் திறந்து முகத்தைப் பார்த்ததும், இப்போதுதான் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார் என்பார்கள். அந்த ஒருவர் எங்களுக்கு முன்னால் ஓடி ஓடி எல்லா வீட்டையும் எடுத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

கடைசியில் செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டுக்குப் போனோம். கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம், வெளியே இரும்புப் படிக்கட்டு. கட்டியவரே கீழே இருந்தார். இத்தாலிக்காரர், கொத்தனார். நடு இத்தாலியில் அப்ரூட்ஸோ என்கிற மலைப் பிரதேசத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அவர் பேசுவது இத்தாலியன் பாதி, பிரெஞ்சு பாதி, இடுக்குகளில் பூசிய சாந்து மாதிரி கொஞ்சம் ஆங்கிலம். அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

மேல் வீட்டில் வெயில் வந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே கீழே ஒரு தோட்டம் தெரிந்தது. நான் என் கோட்டை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு நின்றேன். கொத்தனார் மனைவி அதைப் பார்த்துவிட்டார்.

"எத்தனை மாசம்?"

சொன்னேன். இங்கேயும் முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மாள் புருஷனிடம் என்னவோ சொன்னார். அவர் சிரித்தார்.

"குழந்தை அழுதா நல்லதுதான். இந்த வீட்டுல சத்தமே இல்லாம போயிடுச்சு."

எங்களைக் கீழ்த்தளத்துக்கு, தரைக்கடியில் இருக்கும் அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு சமையலறை. அதற்கு மேலே, அவர்கள் வீட்டில், பளபளவென்று ஒரு சமையலறை இருந்தது, அது வருகிறவர்கள் பார்ப்பதற்கு. நிஜமான சமையல் கீழேதான். எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. மேஜையில் உட்காரவைத்து, அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார் கொத்தனார். பச்சை நிறம் பாட்டிலுக்கு என்று நினைத்தேன். சின்னச் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்களில் ஊற்றியபோதுதான் தெரிந்தது, பச்சை உள்ளே இருந்ததற்கு.

"மன்னிக்கணும், நான் குடிக்கறதில்லை" என்றார் இவர்.

"வயித்துக்கு நல்லது. எல்லாம் இலைதான்."

"வயித்துக்காக இல்லை. எங்க அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்."

கொத்தனார் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை, சங்கடம் இருந்தது. அது எனக்குக் கோபத்தைவிடப் பயமாக இருந்தது. தட்டுத் தடுமாறி அவர் விளக்கியது இதுதான். அவர்கள் மலையில் நிலம் கைமாறினாலும் சரி, பெண் கொடுத்தாலும் சரி, இரண்டு பேரும் இந்த நூறு இலைச் சாராயத்தை ஒரு வாய் குடித்தால்தான் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். காகிதத்தில் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் இது உள்ளே போகாவிட்டால் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்ததாக ஆகாது.

"அம்மாவுக்குக் கொடுத்ததை உடைன்னு நான் சொல்ல மாட்டேன். அது பாவம். ஆனா குடிக்காதவருக்கு வீட்டைக் கொடுத்தா, கொடுத்த மாதிரியே எனக்கு இருக்காது. என்ன செய்யறது?"

இவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நல்ல மனிதர்கள் ஆளுக்கொரு நியாயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நடுவில் இருப்பவள் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். எனக்கு எரிச்சல் வந்தது. கையை நீட்டி ஒரு கிளாஸை என் பக்கம் இழுத்தேன்.

"நான் குடிச்சா செல்லுமா?"

கொத்தனார் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் என் வயிற்றைப் பார்த்தார். கிளாஸை என்னிடமிருந்து வாங்கித் தன் கிளாஸில் கவிழ்த்துக்கொண்டு, ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து, அதில் சில சொட்டுகள் மட்டும் விட்டு என் கையில் வைத்தார்.

"செல்லும்" என்றார் அவர்தான், புருஷனுக்கு முந்திக்கொண்டு.

வாயில் போட்டேன். முதலில் புதினா. அப்புறம் சோம்பு. அப்புறம் நாரத்தை இலையைக் கசக்கினால் வருமே, அந்த வாசனை. அதற்குப் பிறகு நெருப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் இருமி முடிப்பதற்குள் கொத்தனார் இவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். வீடு எங்களுடையதாகிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் கேட்டார்.

"உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"வீடு வேணும்ல?"

"அதுக்காக?"

"என்கிட்ட யாரும் சத்தியம் வாங்கலையே."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. நானும் சிரித்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பெண் பிறந்தாள். அவள் வயிற்றுவலியில் அழுதால் நான் ஓமவாட்டர் பாட்டிலைத் தேடுவேன். கொத்தனார் மனைவி இரும்புப் படிக்கட்டில் தடதடவென்று ஏறி வந்து, பச்சைச் சாராயத்தை விரலில் தொட்டுத் தொப்புளைச் சுற்றித் தடவுவார். எதனால் அழுகை நின்றது என்று கடைசிவரை எங்களுக்குள் வழக்கு. நான் ஓமவாட்டர் என்பேன், அவர் நூறு இலை என்பார்.

கோடையில் அந்தத் தோட்டமே அடுக்களை மாதிரி மணக்கும். ஆனி பிறக்கிற சமயத்தில், பனி ஈரம் உலர்ந்த பிறகு இலை பறிக்கப் போவோம். நானும் அந்த அம்மாளும்தான். புதினா, மரு, சேஜ் என்று இங்கே சொல்கிற சாம்பல் நிற இலை, தொட்டியில் வைத்து வெயிலுக்கு வெளியேயும் குளிருக்கு உள்ளேயுமாகத் தூக்கிச் சுமந்து வளர்த்த எலுமிச்சைச் செடியின் இலை. ஒரு செடியைக் கிள்ளி முகர்ந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் கதம்பத்தில் வைத்துக் கட்டுகிற திருநீற்றுப்பச்சிலை. அவர்கள் அதைப் பாசிலிக்கோ என்றார்கள். கோயில் வாசலில் நின்று முகர்ந்த வாசனையைச் சாராயத்தில் போடக் கொஞ்சம் தயங்கினேன். இரண்டாவது வருஷம் தயங்கவில்லை.

இலைகளை நிழலில் ஆறவிட்டு, பெரிய கண்ணாடி ஜாடியில் அடைத்து, மேலே சுத்தச் சாராயத்தை ஊற்றி, மூடி இருட்டில் வைப்பார்கள். நாள் ஆக ஆக இலையின் பச்சை முழுவதும் சாராயத்துக்கு இறங்கி, இலை வெளுத்து வைக்கோல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் துணியில் வடிகட்டிப் பாட்டிலில் அடைப்பது. சாராயம் வாங்க அரசாங்க மதுக்கடைக்கு நானும் அந்த அம்மாளோடு போவேன். அப்போதெல்லாம் அந்தக் கடையில் பாட்டிலைக் கண்ணால் பார்க்க முடியாது. கம்பிக்குப் பின்னால் நிற்பவரிடம் கேட்டால், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிற முகத்தோடு, காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். பட்டுப்புடவையும் பொட்டுமாக நான் அந்த வரிசையில் நிற்பதைக் கும்பகோணத்தில் யாராவது பார்த்திருந்தால் என் அப்பா ஊரைக் காலி செய்துகொண்டு போயிருப்பார்.

"நூறு இலைன்னு சொல்றீங்க, நூறு எங்க இருக்கு?" என்று ஒருமுறை கொத்தனாரைக் கேட்டேன்.

"மலையில இருக்கு" என்றார்.

அவருக்கு எந்த வருஷச் சாராயமும் திருப்தி இல்லை. மலையில் தானாக முளைக்கிற ஏதோ ஒரு காட்டுச் செடி இங்கே வருவதில்லை என்பார். ஒரு கோடையில் நான் எங்கள் ஓமத்தில் ஒரு பிடியைக் கொண்டுபோய் ஜாடியில் போட்டேன். இவருக்கு வாயுத் தொந்தரவு வரும் என்று அத்தை ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய ஓமம். பிள்ளை குடிக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியவரின் கைச்சரக்கு சாராயத்துக்குள் போவதில் எனக்குக் கொஞ்சம் குறும்பான சந்தோஷம் இருந்தது. இலையுதிர் காலத்தில் அதைத் திறந்தபோது கொத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இது எங்க மலை" என்றார் மெதுவாக. அன்றையிலிருந்து ஓமம் இல்லாமல் அந்த வீட்டில் ஜாடி மூடியதில்லை.

எதற்கும் ஒரு கிளாஸ் உண்டு. முதல் பனி விழுந்தால் உண்டு. குளிருக்கு முன்னால் அத்திமரத்தை வளைத்துப் படுக்கவைத்து மண்ணுக்குள் புதைப்பார்கள், அது முடிந்தால் உண்டு. சித்திரையில் தோண்டி நிமிர்த்தினால் இன்னொன்று. என் பெண்ணுக்கு முதல் பல் முளைத்ததற்கும் உண்டு. எங்கள் குடும்பத்தின் சார்பில் குடிக்க வேண்டியவள் நான். சுண்டுவிரல் உயரக் கிளாஸ், ஒரே மடக்கு, அதற்குமேல் எந்த நாளும் நான் வாங்கியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு விளக்கெண்ணெய் குடிப்பது போல ஆரம்பித்து, பிறகு பிடித்துப்போயிற்று. பிடித்தது என்று சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இப்போது மாண்ட்ரியலிலேயே அஹுன்ட்சிக் பக்கம் இருக்கிறோம், பெரிய வீடு, நல்ல தோட்டம். பச்சிலை இங்கேயும் முளைக்கிறது. அந்தத் தரைக்கடி அறையின் வாசனை மட்டும் வரவில்லை. எனக்கு அது வேண்டும் என்று இருக்கிறது.

குடித்ததால் எனக்கு ஓர் உறவுமுறை கிடைத்தது. அவர்கள் என்னைக் கொமாரே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆண்பிள்ளையாக இருந்தால் கொம்பாரே. ரத்த சம்பந்தம் இல்லாதவரை வீட்டு மனுஷராக்கிக்கொள்ள அவர்கள் வைக்கிற முறை அது. நாம் அண்ணி, மதினி என்று கூப்பிடுவது போல. இவரை மட்டும், வேலையைச் சொல்லி, இஞ்சினியர் என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான். ஆனால் வருஷங்கள் போயும் அது இஞ்சினியராகவே நின்றது.

இவருக்கு அது உறுத்தியது. இவர் வேலை பார்த்த இடத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து குடிக்கப் போவார்கள். இவர் நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். கொஞ்ச நாளில் அவர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இந்த ஊரில் சிநேகிதர் என்று இவருக்கு இருந்தவர் கொத்தனார் ஒருவர்தான். பனியை அள்ளும்போதும் கொதிகலனைப் பிரித்துப் பார்க்கும்போதும் இரண்டு பேரும் சிமெண்டைப் பற்றியும் உத்தரத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பேசிவிட்டு மேஜைக்கு வந்தால், இவர் விருந்தாளி.

கொத்தனாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் இவர் முன்னாலும் ஒரு கிளாஸை வைப்பார். ஊற்ற மாட்டார். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"மம்மா என்ன சொல்றாங்க?"

"இன்னும் கேக்கலை."

"கேளு. அவங்க கட்டினதை அவங்கதான் அவிழ்க்கணும்."

பிறகு இவருக்கு வெறும் சர்க்கரைக் கட்டி ஒன்றைத் தட்டில் வைப்பார். இவர் அதைப் பச்சைக் குழந்தை மாதிரி கடித்துக்கொண்டிருப்பார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். மேலே வந்த பிறகு ஒருநாள், சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "உன்னை மட்டும் கொமாரேங்கறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் கேட்டுவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தார். கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை, நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றார்.

பெண்ணுக்கு ஐந்து வயதானபோது ஊருக்குப் போனோம். அந்தச் சமயம் பார்த்து மதுவிலக்கைத் தளர்த்திவிட்டிருந்தார்கள். கும்பகோணத்தில் கடை திறந்திருந்தது. தெருவில் யார் யார் பிள்ளை எங்கே விழுந்து கிடந்தான் என்பதுதான் பேச்சு. அத்தை பால்காரரிலிருந்து கோயில் குருக்கள்வரை எல்லாரையும் நிறுத்திச் சொன்னார். "இங்க இருக்கறதுங்க இப்படி. என் பிள்ளை கனடாவுல இருக்கான், ஒரு சொட்டு தொட்டதில்லை. என் கையில அடிச்சுக் கொடுத்தான்." சொல்லும்போது அந்த உள்ளங்கையை விரித்துக் காட்டுவார், சத்தியம் இன்னும் அதில் இருப்பது போல.

இவர் என்ன கேட்பார்? அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது போய்ப் பக்கத்தில் உட்காருவார்.

"அம்மா..."

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. மோர் இருக்கா?"

அந்த ஒரு மாதத்தில் இவர் குடித்த மோரில் ஒரு குளமே வெட்டியிருக்கலாம். நான் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். வாயை மூடு என்று கண்ணால் காட்டிவிட்டார்.

புறப்படுவதற்கு முன்னால் அத்தை என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"நிஜத்தைச் சொல்லும்மா. அங்க அவன் குடிக்கறதில்லையே?"

"இல்லத்தை. அவர் தொட்டதே இல்லை."

அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். என்னைப் பற்றி அப்போதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எனக்குப் பொய் வராது. அன்றைக்கு எனக்கு வேறொன்று தோன்றியது. ஒருவரிடம் சத்தியம் வாங்குவது அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் இல்லை. எங்கே கைவிட்டுப் போய்விடுவானோ என்கிற பயம். என்னைப் பற்றி அப்படிப் பயப்பட யாரும் இல்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

விமானத்தில் இவர் சொன்னார். "அவங்க முகத்தைப் பாத்தியா? அதை எப்படிக் கேட்டு வாங்கறது? அடுத்த தடவை பாத்துக்கலாம்." மாண்ட்ரியலுக்குத் திரும்பிக் கீழ்வீட்டுக்குப் போனதும் கொத்தனார் கிளாஸை வைத்துக் கேட்டார். அடுத்த தடவை என்றார் இவர். "சரி, அடுத்த தடவை" என்று கொத்தனார் சர்க்கரைக் கட்டியை எடுத்துவைத்தார்.

அடுத்த தடவை வரவில்லை. சில வருஷம் கழித்து, பனி ஆளுயரம் குவிந்திருந்த ஒரு காலையில் தந்தி வந்தது. அத்தை போய்விட்டார். தந்தி வந்து சேர்வதற்குள் இவருடைய அண்ணன் கொள்ளி வைத்து எல்லாம் முடிந்திருந்தது. விமானம் பிடித்துப் போனாலும் முகத்தைப் பார்க்க முடியாது. இவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. நான் துக்கத்தைக் கீழே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பெண் பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வருவாளே என்று அரிசியைக் களைந்தேன்.

கதவைத் தட்டாமல் கொத்தனார் மனைவி உள்ளே வந்தார். கையில் துணி சுற்றிய பாத்திரம். நேரே அடுப்புக்குப் போய் அணைத்துவிட்டு, களைந்த அரிசியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு இந்த வீட்டுல அடுப்பு எரியக் கூடாது. சாவு வீட்டுக்கு அக்கம்பக்கம்தான் சமைச்சுப் போடணும்."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெருவில் சொல்கிற அதே வார்த்தை. எங்கோ ஒரு மலையில் பிறந்தவர் வாயில் அது வந்தது.

"மாமிசம் இல்லை. முட்டை இல்லை. பன்றிக் கொழுப்பு இல்லை. பாத்திரம்கூட உனக்குன்னு வச்சிருக்கறதுதான், கொமாரே."

தந்தி வந்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் கொத்தனாரும் வந்தார். முகம் மழித்து, கறுப்புக் கோட்டு போட்டு, கையில் தொப்பி. கோட்டுப் பையிலிருந்து பாட்டிலையும் சின்னக் கிளாஸ்களையும் எடுத்து மேஜையில் வைத்தார். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று, இவருக்கு ஒன்று. எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை. மூன்றிலும் ஊற்றினார்.

"மம்மாவுக்காக" என்றார்.

இவர் கிளாஸைக் கையில் எடுத்தார். வாங்கியவர் போய்விட்டார், இனிமேல் என்ன சத்தியம் என்று என் மனம் சொன்னது. குடிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இத்தனை வருஷம் வாசலில் நின்ற மனுஷன் உள்ளே வரட்டும் என்று ஆசைப்பட்டேன். இவர் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கேட்டிருந்தா அம்மா கொடுத்திருப்பாங்க" என்றார். "சிரிச்சுக்கிட்டே கொடுத்திருப்பாங்க. நான்தான் கேக்கலை. இனிமே இதை அவிழ்க்க யாரும் இல்லை."

அதை நான் கொத்தனாருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று அவர் கையைக் காட்டினார். புரிந்துவிட்டிருந்தது. நாற்காலியை இழுத்து இவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க அம்மாவும் என்கிட்ட ஒண்ணு வாங்கினாங்க. கப்பலுக்குப் புறப்பட்ட அன்னிக்கு. நான் சாகறதுக்குள்ள ஒருதடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போடான்னாங்க. சரின்னேன். ரெண்டு பேரும் இதைக் குடிச்சுத்தான் பேசி முடிச்சோம். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு இங்க செங்கல்லை அடுக்கிக்கிட்டே இருந்துட்டேன். போகலை."

அவர் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இத்தனை வருஷத்தில் இதை அவர்கள் எங்களிடம் சொன்னதே இல்லை.

"நீ என் மேஜையில உக்காந்து சர்க்கரையைக் கடிக்கறப்பல்லாம் எனக்குப் பொறுக்கலை. கொடுத்த வாக்கை அப்படியே வச்சிருக்கற ஒருத்தன் எதிர்ல இருந்தா எப்படி இருக்கும்? அதான் கேளு, கேளுன்னு உன்னைப் படுத்தினேன்."

கொத்தனார் இவர் விரல்களைப் பிரித்து அந்தக் கிளாஸை வாங்கினார். பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றப் போனபோது பாதி மேஜையில் கொட்டியது. ஓமமும் புதினாவும் திருநீற்றுப்பச்சிலையுமாக வீடு முழுக்க மணத்தது.

"அந்தச் சத்தியத்தை வச்சுக்கோ" என்றார். "விட்டுடாதே, கொம்பாரே."

இவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் வாய்விட்டு அழுதார். கொத்தனார் எழுந்து வந்து, அது முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.